குடியிலிருந்து மீள்வதும் பிறரை மீட்பதும்

தமிழ் இலக்கியப் பேச்சில் குடிக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. எந்த எழுத்தாளர் எந்த ஊரில் எவ்வளவு குடித்தார், குடித்துவிட்டு எவரிடம் என்ன சொன்னார், எந்தப் பேருந்து நிலையத்தில் விடியும்வரை கிடந்தார் என்பன போன்ற கதைகள், கூட்டம் முடிந்த பின்னர் தொடரும் பேச்சுகளில் ஒருவகை வாய்மொழி இலக்கியமாகவே வழங்கிவருகின்றன. குடியை விட்டவரின் கதையோ அரிதாகத்தான் சொல்லப்படுகிறது. சொல்லப்பட்டாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "இப்போது விட்டுவிட்டாராம்." அந்த 'ஆம்' விகுதியில் சிறிது ஐயமும் சிறிது ஏமாற்றமும் கலந்தே ஒலிக்கின்றன.

ஜி. நாகராஜனை எடுத்துக்கொள்வோம். 'குறத்தி முடுக்கு' (1963), 'நாளை மற்றுமொரு நாளே' (1974) ஆகிய இரு சிறு நாவல்களால் தமிழ்ப் புனைகதையின் எல்லையை விரித்தவர். 1981-இல் தமது 51-ஆம் வயதில் மதுரையில் மறைந்தார். இவ்விரு நூல்களையும் புரட்டிப் பாராதவர்களுக்கும் அவருடைய குடியும் கஞ்சாவும் தெரிந்திருக்கின்றன. போதையே அவரை எழுதவைத்தது என்பது போன்ற ஒரு தொன்மம் அவரைச் சுற்றி எழுப்பப்பட்டுவிட்டது. போதை விட்டுவைத்த பொழுதுகளில்தான் அவர் எழுதினார் என்றும், அது எடுத்துக்கொண்ட பொழுதுகளில் எழுதப்படாமற்போனவையே நமது இழப்பு என்றும் நாம் கருதுகிறோம்.

குடியின் கொடுமையை விவரிப்பது இங்கு நம் நோக்கமன்று. அதை அறியாதார் இல்லை. குடியை விட்ட பின் எஞ்சியிருக்கும் நீண்ட வாழ்க்கையைப் பற்றியே பேச விழைகிறோம். அதிலும் குறிப்பாக ஒன்றைப் பற்றி. குடியை விட்ட ஒருவர் இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவதை, தாம் முழுவதும் தேறிய பின்னர் செய்யும் அறச்செயலாகவே பொதுவாக எண்ணுகிறோம். "தனக்கு மிஞ்சியே தானமும் தருமமும்" என்னும் பழமொழியின் வழியில் வந்த எண்ணம் இது. பிற விஷயங்களில் இப்பழமொழி எவ்வளவு சரியோ, இவ்விஷயத்தில் அவ்வளவு தவறு. மீள்பவருக்குப் பிறருக்கு உதவுவது மிச்சத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கொடை ஆகாது. அவர் மீள்வதற்கான வழிகளிலேயே அதுவும் ஒன்று.

*

இதற்கான மிகத் தெளிவான சான்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நிகழ்ந்தது.

1934 நவம்பரில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வசித்த பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைக்காரரைப் பார்க்க அவருடைய பழைய குடித்தோழர் எபி தாச்சர் வந்தார். பில் ஊற்றிக்கொடுத்த மதுவை எபி மறுத்துவிட்டார். தாம் விட்டுவிட்டதையும், விட்ட விதத்தையும் சமையலறை மேசைக்கு எதிரில் அமர்ந்து எடுத்துச் சொன்னார், பில்லைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த மாதம் பில், ஏற்கெனவே சிலமுறை சேர்ந்து பயனில்லாமல் திரும்பிய அதே மருத்துவமனையில் மறுபடியும் சேர்ந்தார். அங்கு அவருக்கு ஓர் ஆன்மிக அனுபவம் வாய்த்தது. அதன்பின் அவர் குடிக்கவேயில்லை.

வெளியே வந்தவர், புதிதாக மதம் மாறியவருக்குரிய வேகத்துடன் குடிகாரர்களைத் தேடித் திரிந்தார். வீட்டுக்கு அழைத்துவந்து தங்கவைத்தார். தமக்குக் கிட்டிய பேரொளியைப் பற்றி அவர்களுக்குப் பிரசங்கித்தார். ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பில் ஒருவர்கூடக் குடியை விடவில்லை. மனம் சோர்ந்த கணவருக்கு மனைவி லோயிஸ் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டினார்: மற்றவர் எவரும் திருந்தாமல் இருக்கலாம், ஆனால் இத்தனை மாதங்களும் பில் குடிக்காமல் இருந்திருக்கிறார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் சில்க்வொர்த் வேறொன்றைச் சொன்னார்: உபதேசத்தைக் குறைத்துக்கொள், இது எத்தகைய நோய் என்பதை முதலில் எடுத்துச் சொல்.

இவ்விரு கூற்றுகளையும் படிக்கும்போது நமக்குத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அதன் இறுதி இரண்டு குறள்களும் அருகருகே நிற்பது தற்செயல் போலத் தோன்றவில்லை. களித்தவனுக்கு நியாயம் எடுத்துரைப்பது நீரடியில் மூழ்கிப்போனவனை விளக்கு ஏந்தித் தேடுவதற்கு ஒப்பானது என்பது ஒன்று. தான் தெளிவாக இருக்கும் வேளையில் குடித்துக் கிடக்கும் இன்னொருவனைப் பார்ப்பவனுக்குத் தன் நிலை நினைவுக்கு வராதா என்ற கேள்வி மற்றொன்று. முன்னதை மருத்துவர் சொன்னார். பின்னதை லோயிஸ், தாம் அறியாமலே சொன்னார்.

1935 மே மாதத்தில் பில் ஒரு தொழில் விவகாரமாக ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்குச் சென்றார். காரியம் கைகூடவில்லை. உடன் வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். கையில் சொற்பப் பணத்துடன் விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம். உள்ளிருந்து சிரிப்பொலி கேட்டது. மறு பக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். இந்நிலையில் நாம் எதிர்பார்ப்பது, அவர் தமக்கு உதவக்கூடிய ஒருவரைத் தேடியிருப்பார் என்பதே. அவரோ தாம் உதவக்கூடிய ஒருவரைத் தேடினார். தாம் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரனுடன் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வரிசையாகத் தொலைபேசியில் அழைத்து, இறுதியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை எட்டினார். அவர் மூலமாக மறுநாள், மே 12 அன்று, பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார்.

பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையுடன் வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக இருந்தார். பில் இம்முறை பிரசங்கம் செய்யவில்லை. தாம் குடித்த கதையைச் சொன்னார். தமக்கு இவர் தேவைப்படுகிறார் என்பதையும் மறைக்கவில்லை. குடியைப் பற்றிப் படித்தவர்களும் போதித்தவர்களுமாகப் பலரைக் கண்டு சலித்திருந்த மருத்துவருக்கு, குடித்துப் பார்த்தே அறிந்த ஒருவர் தம் மொழியில் பேசியது அதுவே முதல்முறை.

அதன் பிறகும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. மருத்துவ மாநாடு ஒன்றுக்குச் சென்ற பாப், மறுபடியும் குடித்துவிட்டுத் திரும்பினார். அவருக்கு அப்போது ஓர் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. அன்று காலை அவருடைய கைநடுக்கம் அடங்குவதற்காக பில்லே ஒரு பீர் கொடுத்தார் என்பது பதிவாகியிருக்கிறது. 1935 ஜூன் 10. மருத்துவர் குடித்த கடைசி மது அது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் ஏ.ஏ. அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுவதும் அதுவே. அடுத்த சில நாட்களில் இருவரும் மூன்றாமவரைத் தேடி மருத்துவமனைக்குப் போனார்கள்.

பின்னாட்களில் மருத்துவர் பாப், அக்ரனிலிருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியாவுடன் சேர்ந்து ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தார். ஏன் இதைச் செய்கிறேன் என்பதற்கு அவர் எழுதிவைத்த காரணங்கள் நான்கு: கடமை, மகிழ்ச்சி, தமக்காக நேரம் ஒதுக்கிய மனிதருக்குப் பட்ட கடன், ஒவ்வொரு முறை இதைச் செய்யும்போதும் தமது சறுக்கலுக்கு எதிராக இன்னும் கொஞ்சம் காப்பீடு. நான்காவது காரணத்தைக் கூச்சமின்றி எழுதியதுதான் நம்மைக் கவர்கிறது. சுயநலமும் பிறர்நலமும் ஒரே செயலில் பிரிக்கமுடியாமல் கலந்து நிற்கும் இடம் அது. தம்முடைய தியாகத்தைப் பற்றி அவர் பேசவேயில்லை.

*

இது ஒரு குழுவினரின் நம்பிக்கை மட்டுமா? ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். ஃபிராங்க் ரீஸ்மன் என்னும் சமூக உளவியலாளர் 1965-இல் எழுதிய கட்டுரையொன்றில், உதவி பெறுபவரைவிட உதவுபவரே மிகுந்த பயனடையக்கூடும் என்ற கருத்தை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். 2004-இல் மரியா பகானோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 விழுக்காட்டினர் அடுத்த ஓராண்டில் குடியைத் தொடவில்லை. உதவாதவர்களில் 22 விழுக்காட்டினர் மட்டுமே அவ்வாறு இருந்தனர். ஆர்வமுள்ளவர்கள்தாமே உதவவும் முன்வருவார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பு. எத்தனை கூட்டங்களுக்குச் சென்றார்கள் என்பதைக் கணக்கில் கொண்ட பின்னும் இவ்வேறுபாடு மறையவில்லை. 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,000-க்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கியது. தொடர்ந்து குடியாமலிருப்பதில் ஏ.ஏ. வழியும், அதற்கு இட்டுச்செல்லும் முறைப்படியான சிகிச்சைகளும் பிற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றைவிட மேலானவை என்பதே அதன் முடிவு.

எண்களைவிட இதன் இயங்குமுறையே நமக்கு முக்கியம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். குடிநோயாளி தம்மைச் சுற்றி ஒரு மதிலைக் கட்டிக்கொள்கிறார். அதன் கற்கள் அவமானமும் பொய்யும். மருத்துவர், மனைவி, மேலதிகாரி, அண்ணன் என யார் பேசினாலும் மதிலுக்கு வெளியிலிருந்தே பேசுகிறார்கள். இன்னொரு குடிநோயாளியின் குரல் மட்டும் மதிலுக்கு உள்ளிருந்து கேட்கிறது. அவரிடம் பொய் செல்லாது. அத்தனை பொய்களையும் அவரும் சொல்லியவர். பேசுபவர் பக்கத்தில் நடப்பதும் இதற்குக் குறைந்ததன்று. இத்தனை காலமும் வீட்டுக்கும் ஊருக்கும் பாரமாயிருந்த ஒருவர், தாம் யாருக்கோ பயன்படுகிறோம் என்பதை முதன்முறையாக உணர்கிறார். தம் வாழ்வின் மிகக் கேவலமான பகுதியே இப்போது பிறருக்குப் பயன்படும் ஒரே சொத்தாக மாறுகிறது. ஒளித்துவைக்க வேண்டியிருந்த கடந்தகாலம் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

உதவி என்றவுடன் பெரிதாக எண்ணவேண்டியதில்லை. கூட்டத்துக்கு முன்னதாக வந்து நாற்காலிகளை வரிசைப்படுத்துவது, தேநீர் போடுவது, கோப்பைகளைக் கழுவுவது, புதிதாக வந்தவரின் அருகில் அமர்வது, இரவு பதினொரு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பை எடுப்பது, பெரும்பாலும் இவ்வளவுதான். நேற்றுக் குடியை விட்டவராலும் நாற்காலி போட முடியும். தேறிய பின் உதவலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

இலக்கிய வாசகர்களான நமக்கு இங்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் ஒரு கதையை மதிப்பது அதன் தனித்தன்மைக்காக. முன்பு எவரும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறதா என்றே பார்க்கிறோம். மீட்புக் கூட்டங்களில் சொல்லப்படும் கதைகளோ ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன: முதல் குவளை, நழுவிய வேலை, அடகுக்குப் போன நகை, அழுத குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டில். சொல்பவரின் முழுப்பெயரும் தெரியாது. விமர்சகனுக்கு இவற்றில் எதுவும் தேறாது. ஆயினும் கேட்பவரைக் காப்பாற்றுவது அந்த ஒற்றுமைதான். 'என் கதையும் இதுவே' என்று அவர் உணரும் கணத்தில், தாம் மட்டுமே இழிந்தவர் என்ற எண்ணம் உடைகிறது. அமெரிக்க எழுத்தாளர் லெஸ்லி ஜேமிசன் 2018-இல் வெளிவந்த 'தி ரெகவரிங்' நூலில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தனித்தன்மையை வழிபடும் எழுத்தாளருக்கு, தம் துயரமும் எல்லோருடையதைப் போன்றதே என ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை அந்நூல் காட்டுகிறது.

*

இரண்டையும் ஒருசேரச் சாதித்த படைப்பு ஒன்று உண்டு. ரேமண்ட் கார்வரின் 'வேர் ஐயம் காலிங் ஃப்ரம்' என்னும் சிறுகதை. 1983-இல் வந்த 'கதீட்ரல்' தொகுப்பில் இடம்பெற்றது.

குடிமீட்பு விடுதியொன்றின் திண்ணையில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். கதைசொல்லி அங்கு வந்திருப்பது இரண்டாம் முறை. அவனுக்குத் தன் கதையைச் சொல்லத் தெம்பில்லை. அருகிலிருக்கும் ஜே.பி. என்னும் புகைபோக்கி துப்புரவாளன் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். பன்னிரண்டு வயதில் வறண்ட கிணற்றில் விழுந்தது, அடியிலிருந்து வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, தந்தை கயிறு போட்டு மேலே தூக்கியது, பிறகு காதல், திருமணம், குடி. கதைசொல்லி கேட்கிறான். நிறுத்தினால் மேலே சொல்லச் சொல்கிறான். கதை முழுவதிலும் அவன் செய்யும் பெரிய காரியம் அதுவே. ஜே.பி.க்கு அவன் உதவுகிறானா, ஜே.பி. அவனுக்கு உதவுகிறானா என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இறுதியில் அவனும் தொலைபேசியை எடுத்து யாரையேனும் அழைக்கலாமா என்று எண்ணும் நிலைக்கு வருகிறான். கார்வர் உபதேசிக்கவில்லை, வெற்றியை அறிவிக்கவுமில்லை. கேட்பது ஒருவனை அன்றைய பொழுதுக்குப் பிடித்துவைக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

கார்வர் அறிந்தே எழுதினார். 1973-இல் அவரும் ஜான் சீவரும் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பாடம் நடத்தினார்கள். உண்மையில் ஒன்றாகக் குடித்தார்கள். அந்நாட்களில் தட்டச்சுப்பொறியின் உறையைக்கூடத் தாங்கள் கழற்றவில்லை என்று கார்வர் பின்னர் நினைவுகூர்ந்தார். சீவர் 1975-இல் நியூயார்க் மீட்பு மையமொன்றில் சேர்ந்து குடியை விட்டார். 1977-இல் 'ஃபால்கனர்' நாவல் வந்தது. கார்வர் 1977 ஜூன் 2 அன்று விட்டார். 'கதீட்ரல்' அதற்குப் பிந்தையது. குடி போனால் எழுத்தும் போய்விடும் என்று அஞ்சும் இளைஞர்கள் இவ்வாண்டுகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் இவ்வாறு அமைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' (1944) நாவலால் குடிநோயை உலகுக்கே எடுத்துக்காட்டிய சார்ல்ஸ் ஜாக்சன், பின்னர் ஏ.ஏ. மேடைகளில் பேசிப் பலருக்கு ஊக்கமளித்தவர். 1968-இல் அளவுக்கு மீறிய தூக்கமருந்தால் இறந்தார். கவிஞர் ஜான் பெரிமன் தமது சிகிச்சை அனுபவத்தையே 'ரெகவரி' என்ற நாவலாக எழுதத் தொடங்கினார். 1972 ஜனவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது நாவல் முடியாமலே நின்றது. மீட்பைப் பற்றி நன்றாக எழுதத் தெரிவது வேறு, மீள்வது வேறு.

*

ஆகவே இவ்வழியின் எல்லைகளையும் பேச வேண்டும்.

முதலாவது, உடல். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாட்களில் சித்தப்பிரமை தோன்றலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். கார்வரின் கதையிலும் சாப்பாட்டு மேசையில் ஒருவர் வலிப்பு கண்டு விழுகிறார். அக்காட்சி கதைசொல்லியை விட்டு அகலுவதேயில்லை. "அறையில் பூட்டிவைத்து நிறுத்திவிட்டோம்" என்று பெருமை பேசும் உறவினர்கள் எவ்வளவு பெரிய ஆபத்தைக் கடந்திருக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை. நண்பர் செய்யக்கூடிய முதல் உதவி மருத்துவரிடம் அழைத்துச்செல்வதே. வேட்கையைத் தணிக்க மருந்துகளும் இருக்கின்றன; அவற்றை உட்கொள்வது மனவலிமைக் குறைவு என்று சொல்லித் தடுப்பது உதவியாகாது.

இரண்டாவது, உதவுபவரின் செருக்கு. குடியை விட்ட வேகத்தில் ஊரையே திருத்தப் புறப்படுபவருக்கு, உதவியே புதியதொரு போதையாகிவிடும். தமது தூக்கம், உணவு, வீடு ஆகியவற்றை மறந்து பிறர் பின்னால் ஓடுவார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் மீட்புக் குழுக்கள் அபாய அறிகுறிகளாகச் சொல்லித்தருகின்றன. இவற்றில் மூன்று, ஓய்வின்றி உதவுபவரை எளிதில் வந்து சேரும். தாம் தாங்கிப்பிடித்தவர் மறுபடியும் குடித்துவிட்டால் அதைத் தமது தோல்வியாக எடுத்துக்கொண்டு அவரும் விழுவதுண்டு. முதல் ஐந்து மாதங்களில் பில் வில்சனால் எவரையும் மீட்க முடியவில்லை என்பதை இத்தகையோர் அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. சொல்வதும் உடனிருப்பதும் மட்டுமே உதவுபவரின் பங்கு. விளைவு அவர் கையில் இல்லை. இந்தத் தெளிவு குடும்பத்தாருக்கும் தேவை. லோயிஸ் வில்சன் 1951-இல் உருவாக்கிய அல்-அனான் குழுக்கள் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கானவை. இந்நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்பதே அங்கு கற்பிக்கப்படும் முதற்பாடம். கணவரின் குடிக்குத் தம்மையே காரணமாக்கிக்கொண்டு வாழும் பெண்களுக்கு இது எத்தகைய விடுதலை என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, இது ஒரே வழியல்ல. ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு உண்டு. பகுத்தறிவாளருக்கு அது இடறலாம். கடவுளைக் கொண்டுவராத ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்களும், உளவியல் சிகிச்சைகளும் இருக்கின்றன. மேலும் ஒன்றை விட்டவர் எல்லாவற்றையும் விட்டவர் ஆகிவிடுவதில்லை. குடியை வென்ற பில் வில்சனால் சிகரெட்டை வெல்ல முடியவில்லை. நுரையீரல் நோயால் 1971-இல் இறந்தார். கார்வரும் புகைத்தவர், 1988-இல் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 50. மீண்டவர் என்ற சொல்லைவிட மீள்பவர் என்ற சொல்லே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

*

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் குடியைப் பற்றிய பொதுவிவாதம் அநேகமாக ஒரே கேள்வியைச் சுற்றிவருகிறது: மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா? 2003-இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்ற பின் இவ்விவாதம் இன்னும் கூர்மையடைந்தது. அது தேவையற்ற விவாதம் என்று சொல்லமாட்டோம். எனினும் கடைகள் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், நேற்றுக் குடியை விட்ட ஒருவர் இன்று மாலை ஆறு மணியைக் கடந்தாக வேண்டும். அந்த மாலையைப் பற்றி எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையும் பேசப்போவதில்லை.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சியவர்களுக்கு இருப்பது வீடும், தெருவும், நண்பர்களுமே. மருத்துவர்களின் எண்ணிக்கை ஒரே நாளில் பெருகிவிடாத நாட்டில், மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் அளிக்கும் உதவி ஆடம்பரமன்று. தமிழ்நாட்டிலும் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நடைபெறுகின்றன. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் அவர் பெயரில் சென்னையில் நிறுவிய அமைப்பு டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்து பல்லாயிரம் குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. தம் துயரத்திலிருந்து மீள அவர் தேர்ந்த வழியும் பிறருக்கு உதவுவதாகவே இருந்தது.

இலக்கியச் சூழலில் செய்யக்கூடியவை என்னென்ன? குடியை விட்ட ஓர் எழுத்தாளர் இரவு அமர்வுக்கு வரும்போது, "ஒன்றே ஒன்று" என்று குவளையை நீட்டுவது நட்பாகாது. மறுத்தவரிடம் காரணம் கேட்பதும், "இன்று உமக்குச் சுரத்தே இல்லை" என்று கேலி பேசுவதும் அவருடைய ஓராண்டு உழைப்பைச் சூதில் வைப்பதற்குச் சமம். குடி இல்லாமல் நடக்கும் பின்னிரவுப் பேச்சுகளும் நமக்கு வேண்டும். இல்லையேல் மீள்பவருக்கு முன்னால் நாம் வைப்பது இரண்டே தேர்வுகள்: குடியும் நண்பர்களும், அல்லது தெளிவும் தனிமையும். இத்தகைய தேர்வை ஒருவர் மீது சுமத்திவிட்டு, அவர் சறுக்கியதும் அதையே சுவையான கதையாக்குவது நியாயமில்லை. சறுக்கியவர் திரும்பி வரும்போது, எத்தனை நாள் தாக்குப்பிடித்தீர் என்று கணக்குக் கேட்காமல் பக்கத்தில் இடம் விடுவதே செய்யத்தக்கது. மருத்துவர் பாப்பும் முதல் சந்திப்புக்குப் பின் ஒருமுறை சறுக்கியவர்தாம்.

மீள்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இலக்கியத் தகுதி இருக்கிறதா என்று தயங்காமல் உங்கள் கதையைச் சொல்லுங்கள். எழுத விருப்பமில்லையெனில் ஒரே ஒருவருக்கு மட்டுமாவது சொல்லுங்கள். அது ஏற்கெனவே ஆயிரம் பேர் சொன்ன கதையாகவே இருக்கலாம். ஆயிரத்தோராவது முறையாக அதைக் கேட்கவேண்டிய ஒருவர், இந்த மாலையில் எங்கோ ஒரு கடையின் எதிரில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார். அவரிடம் பேசத் தகுதியானவர்கள் நீங்கள். பேசி முடித்து வீடு திரும்பும்போது, உங்கள் அன்றைய பொழுதும் கடந்திருக்கும்.